பிழைச்செய்தியை அடக்குவது பிழைதிருத்தம் ஆகுமா?

பெங்களூருவின் மென்பொருள் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒரு சிறு சடங்கு ஓயாது நடந்து வருகிறது. மேக் மடிக்கணினியில் எழுதப்பட்ட ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸ் செர்வருக்குப் போகிறது; அல்லது லினக்ஸில் பல்லாண்டு ஓடிய ஸ்கிரிப்ட் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் மேக்கில் ஓட்டப்படுகிறது. ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இடறுகிறது. 'முறையற்ற பைட் வரிசை' என்று செட் கட்டளை முறையிட்டு நின்றுவிடுகிறது. உடனே பக்கத்து இருக்கையிலிருந்து மருந்து வருகிறது: தலைப்பில் 'எல்சி_ஆல்=சி' என்றொரு வரியைச் சேர். சேர்த்ததும் முறையீடு அடங்குகிறது. வேலை முடிந்ததென்று எல்லாரும் தேநீருக்கு எழுந்து போகின்றனர்.

தரவு ஆங்கிலமாக இருக்கும்வரை இதில் குறை காண ஏதுமில்லை. தரவு தமிழாகவோ கன்னடமாகவோ இருந்தால், அந்த ஒரு வரி நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு நோய் தீர்ந்தது என்று சான்றளிப்பதற்கு ஒப்பாகும். முறையிட்ட கருவி மௌனமாகிறது. மௌனமான கருவி தரவைச் சிதைக்கிறது. சிதைந்த தரவின்மேல் சொல்லடைவும் அகராதியும் ஆய்வேடும் எழுகின்றன. பெங்களூருவில் தமிழ்த் தரவைக் கையாள்வோர் தொகை சிறிதன்று. அவர்களில் பெரும்பாலோர் இந்த மருந்தை ஐயமின்றி விழுங்குகின்றனர் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் குற்றச்சாட்டு.

இயங்குதளங்களுக்கிடையே ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஏன் மாறுபடுகிறது என்பதற்கு வரலாறு உண்டு. கென் தாம்சன் 1968இல் வெளியிட்ட தேடல் முறையிலிருந்து யூனிக்ஸ் கருவிகள் கிளைத்தன. ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு வழக்கை வளர்த்துக்கொண்டது. 1992இல் போசிக்ஸ் தரம் அவற்றை இரண்டு வகைகளாக, அடிப்படை, விரிவு என ஒழுங்குபடுத்தியது. ஆனால் குனு கருவிகள் தரத்துக்கு மேல் பல வசதிகளைச் சேர்த்தன. பிஎஸ்டி மரபு சேர்க்கவில்லை, அல்லது வேறு விதமாகச் சேர்த்தது. லினக்ஸ் முன்னதைப் பின்பற்றுகிறது, மேக் பின்னதை. குனு செட்டில் \+ என்பது 'ஒன்று அல்லது அதற்கு மேல்'. பிஎஸ்டி மரபின் செட்டில் அதே குறி வெறும் கூட்டற்குறியைத் தேடும். சொல்லின் தொடக்கத்தைக் குனு \< என்று குறிக்கும். பிஎஸ்டி [[:<:]] என்று குறிக்கும். கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் விருப்பக்குறிக்கு மேக்கில் தனியாக ஒரு பின்னொட்டு, வெற்று மேற்கோளாகவேனும், தந்தாக வேண்டும். லினக்ஸில் அப்படித் தந்தால் அது வேறு பொருள்படும். இந்தக் கடைசி வகைப் பிழைகள் உரக்கக் கத்துபவை. ஸ்கிரிப்ட் நின்றுவிடும், யாரேனும் திருத்தியே ஆகவேண்டும். ஆகவே அவற்றைப் பற்றி இங்கு மேலும் பேசத் தேவையில்லை. கத்தாத பிழைகளே ஆராயத் தக்கவை.

லொகேல் என்பது கருவிக்குத் தரப்படும் மொழிச்சூழல்: எது எழுத்து, எது எண், எழுத்துகளின் வரிசை யாது, ஓர் எழுத்து எத்தனை பைட்டுகளால் ஆனது என்பவற்றை அது அறிவிக்கிறது. 'சி' லொகேலில் ஒரு பைட் ஓர் எழுத்து. வேறு அறிவு எதுவும் அதற்கில்லை. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். ககரம் 224, 174, 149. மகரம் 224, 174, 174. தகரம் 224, 174, 164. இப்போது ஒரு வரியிலிருந்து ககரத்தை மட்டும் நீக்கும்படி சதுர அடைப்புக்குள் [க] என்று எழுதி, 'சி' லொகேலில் செட்டை ஏவினால் என்ன ஆகும்? அடைப்புக்குள் இருப்பது ஓர் எழுத்தன்று, மூன்று தனித்தனி பைட்டுகள். அவற்றுள் எது எங்கிருந்தாலும் நீக்கப்படும். ககரம் போகும். மகரத்தின் மூன்று பைட்டுகளும் அந்தக் கூட்டத்துக்குள் அடங்குவதால் மகரமும் சுவடின்றிப் போகும். தகரத்தில் 164 மட்டும் எஞ்சி, எந்த எழுத்தும் ஆகாத குப்பையாகக் கிடக்கும். அதே கோப்பில் கன்னடம் இருந்தால் அதன் ககரம் 224, 178, 149 என்பதால் 178 மட்டும் மிஞ்சும். தமிழ் எழுத்தொன்றை நீக்கச் சொன்ன கட்டளை பக்கத்து மொழியையும் சேர்த்துக் குதறிவிடுகிறது. பிழைச்செய்தி ஏதும் வராது. வெளியேற்றக் குறி பூச்சியம், அதாவது வெற்றி.

லொகேலைச் சரியாக வைத்தாலும் தப்ப முடியாத இடம் ஒன்று உண்டு. டிஆர் என்னும் எழுத்துமாற்றுக் கட்டளை மேக்கில் யுடிஎஃப்-8 எழுத்துகளை எழுத்துகளாகவே காண்கிறது. குனு டிஆர் ஒற்றைப் பைட் எழுத்துகளை மட்டுமே முழுமையாக ஆதரிப்பதாக அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. மேக்கில் பழுதின்றி ஓடிய, தமிழ்க் குறிகளை நீக்கும் டிஆர் வரி, உபுண்டு செர்வரில் மேற்சொன்ன அழிவை அப்படியே நிகழ்த்தும். எழுதியவர் சோதித்தார், சரியாக இருந்தது, அனுப்பினார். அவர்மேல் குறை சொல்வதும் எளிதன்று.

ஆக் கட்டளையின் கதை இதைவிட விந்தையானது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? படிக்கத் தெரிந்த சிறுவர் மூன்றெழுத்து என்பார். குனுவின் காக், யுடிஎஃப்-8 லொகேலில், ஐந்து என்னும். அது குறியெண்களை எண்ணுகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் இயல்பாக அமைந்திருக்கும் மாக் பதினைந்து என்னும். அது பைட்டுகளை எண்ணுகிறது. சொல் நீளத்தை அடிப்படையாகக் கொண்டு தமிழ்ச் சொற்களை வகைப்படுத்தும் ஆய்வு, எந்தக் கணினியில் ஓடியது என்பதைப் பொறுத்து வெவ்வேறு முடிவுகளுக்கு வரக்கூடும். ஆக்கின் மூல ஆசிரியருள் ஒருவரான பிரையன் கெர்னிகன் 2022இல், தம் எண்பதாம் வயதில், தம் பழைய நிரலுக்கு யுடிஎஃப்-8 ஆதரவைச் சேர்த்தார். இருபத்தைந்து வயது நிரலர்கள் தலைப்பில் ஒரு வரியைச் சேர்த்து அதை அணைத்து வைக்கின்றனர்.

அணைக்கவும் தேவையில்லை, பல இடங்களில் அது தானாகவே அணைந்திருக்கிறது. டாக்கருக்கான டெபியன், உபுண்டு படிமங்களில் லொகேல் மாறி அமைக்கப்படுவதில்லை. ஆகவே கருவிகள் 'சி'யில் எழுகின்றன. மேசைக்கணினியில் இந்திய ஆங்கில யுடிஎஃப்-8 லொகேலில் ஓடிய அதே ஸ்கிரிப்ட், கொள்கலனுக்குள் பைட்டுகளை எண்ணத் தொடங்குகிறது. 'தமிழ் லொகேல் வேண்டும்' என்று ஸ்கிரிப்டில் எழுதிவைத்தாலும், அந்த லொகேல் நிறுவப்படாத கணினியில் செட்டும் கிரெப்பும் ஒரு சொல்லும் கூறாமல் 'சி'க்கே திரும்பிவிடும். கேட்டது கிடைக்கவில்லை என்று சொல்லும் நாகரிகம்கூட இவற்றுக்குக் கிடையாது.

2014 நவம்பர் 1 அன்று கர்நாடகம் பன்னிரண்டு ஊர்களின் ஆங்கிலப் பெயர்களை மாற்றியது. பெங்களூர் பெங்களூரு ஆயிற்று, மைசூர் மைசூரு ஆயிற்று. தமிழ்த் தரவுகளிலும் இம்மாற்றத்தைச் செய்யப் புகுவோர்க்கு முதலில் தோன்றுவது ஒரு வரிச் செட் கட்டளைதான். ஆங்கிலத்தில் அது ஒரு வரியே. தமிழில் 'பெங்களூர்' என்பதன் இறுதி, ரகரமும் புள்ளியும் என இரு குறியெண்கள். புள்ளியை விட்டுவிட்டு ரகரம்வரை தேடி மாற்றினால், 'பெங்களூரில்' என்ற சொல்லில் ருகரத்தின் மேல் இகரக்குறியும் ஏறி, எந்தத் தமிழரும் எழுதாத உருவம் பிறக்கும். சரி, சொல்லெல்லையைக் குறித்துத் தேடலாமே என்றால், அந்த எல்லைக் குறியே குனுவில் ஒன்று, பிஎஸ்டியில் ஒன்று. அதையும் கடந்தால் புள்ளி காத்திருக்கிறது. யூனிகோடின் 'அகரவரிசைத் தன்மை' என்னும் பண்பு தமிழ் உயிர்க்குறிகளுக்கு உண்டு, மெய்ப்புள்ளிக்கு இல்லை. புள்ளியைச் சொல்லுறுப்பாகக் கொள்ளாத அட்டவணையை நம்பும் எந்தக் கருவியிலும், மெய்யில் முடியும் சொல்லின் எல்லை புள்ளிக்கு முன்னரே விழுந்துவிடும். மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்: அவன், மரம், நீர், வாள், தமிழ்.

இந்த இடத்தில் இரு தரப்பார் குறுக்கிடுவர். முதல் தரப்பார் தமிழ்ப் பற்றாளர். குற்றம் யூனிகோடின்மேல் என்பர் அவர். அவர் சொல்வதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. [க-ன] என்று எழுதினால் பதினெட்டு மெய்வரிசை முழுதும் அடங்கும் என்றே தமிழ் படித்த எவரும் எண்ணுவர். யூனிகோடின் வரிசையோ பிற இந்திய எழுத்துகளுடன் ஒத்துப்போகும்படி, இந்தியத் தரமான இஸ்கியின் வழியில் அமைந்தது. அதில் நகரத்தை அடுத்தே னகரம் நிற்கிறது. குறியெண் வரிசைப்படி [க-ன] என்பதற்குள் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ன ஆகிய ஒன்பது மட்டும் வரும். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஆகிய ஒன்பதும் வெளியே நிற்கும். அழையா விருந்தாளியாக ஜகரம் உள்ளே அமர்ந்திருக்கும். சரிபாதி மெய்கள் காணாமற் போகின்றன. அதுவும் உறுதியில்லை: 'சி' லொகேலுக்கு வெளியே இத்தகைய வீச்சுகளின் பொருளைப் போசிக்ஸ் தரம் வரையறுக்கவே இல்லை. ஒரு கருவி குறியெண் வரிசையைப் பின்பற்றலாம், இன்னொன்று அகராதி வரிசையைப் பின்பற்றலாம். இரண்டுக்கும் சட்டப்படி இடமுண்டு.

ஆனால் அவர் காட்டும் மாற்று வழி இந்த நோய்க்கு உதவாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 குறியேற்றத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. எண்ணுதல் எளிது, வரிசையும் தமிழ் வரிசை. எனினும் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குடியிருக்கிறது. அப்பகுதியின் எண்களுக்கு எழுத்து என்ற பண்பே கிடையாது. 'எழுத்தைத் தேடு' என்று எந்த இயங்குதளத்தின் ரெகுலர் எக்ஸ்பிரஷனிடம் சொன்னாலும் அது டேஸ் உரையை எழுத்தாகக் கருதாது. வீட்டு ஓடு ஒழுகுகிறது என்பதற்காகப் பட்டா இல்லாத நிலத்துக்குக் குடிபெயர்வது போன்றது இது.

இரண்டாம் தரப்பார் பெங்களூருவின் நடைமுறைவாதிகள். ஷெல்லே பழமை, பைத்தானில் எழுதினால் எந்த இயங்குதளத்திலும் ஒரே விடை வரும் என்பர். ஒரே விடை வரும் என்பது உண்மை. அந்த விடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாக இருக்கும். பைத்தானின் இயல்பான ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுப்பில் சொல்லெழுத்தைக் குறிக்கும் \டபிள்யூ குறி, தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்ப்பதில்லை. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரு துண்டாகிறது. யூனிகோடின் சொந்தப் பரிந்துரையோ துணைக்குறிகள் அனைத்தையும் சொல்லெழுத்தாகக் கொள்ளச் சொல்கிறது. டாம் கிறிஸ்டியன்சன் 2011இலேயே இந்த முரண்பாட்டைப் பைத்தானின் பிழைப்பதிவேட்டில் பதிந்தார். நடத்தை மாறவில்லை.

இதன் விளைவைக் காண ஒரு சான்று போதும். சைகிட்-லேர்ன் என்னும் பைத்தான் தொகுப்பு மாணவர்களின் முதல் கருவி. அதன் சொல்லெண்ணி, வேறு சொல்லாவிட்டால், தொடர்ந்து இரண்டு சொல்லெழுத்தாவது உள்ள துண்டுகளையே சொல்லாக ஏற்கும். படி, படை, படு மூன்றும் 'பட' ஆகிவிடும். 'பெங்களூரு' என்பதிலிருந்து 'கள' மட்டும் எஞ்சும். நான், நீ இரண்டும் மறையும். 'காவிரி' என்ற சொல்லில் ஒவ்வொரு மெய்யின் பின்னும் ஓர் உயிர்க்குறி நிற்பதால், இரண்டு எழுத்து சேர்ந்து நிற்கும் இடமே இல்லை. சொல் முழுதும் மறைந்துவிடும். காவிரியில், காவிரியின், காவிரிக்கு ஆகிய வேற்றுமை வடிவங்களுக்கும் இதே கதி. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது முதல் 2018இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது வரையிலான தமிழ் நாளிதழ்ச் செய்திகளைத் திரட்டி ஒரு மாணவர் இந்தக் கருவியில் இட்டால், அந்த இருபத்தெட்டாண்டு வழக்கில் காவிரி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்ற கண்டுபிடிப்பு அவருக்குக் கிடைக்கும். வரைபடம் அழகாகவே இருக்கும்.

'எங்கள் தரவு ஆங்கிலப் பதிவேடுகள்தாம், எங்களுக்கு எதற்கு இந்தக் கவலை' என்போருக்கு மறுமொழி சுருக்கமானது. அவர்களுக்குச் 'சி' லொகேல் ஏற்றதே. வேகமும் உண்டு, வரிசைப்படுத்தும்போது எல்லாக் கணினியிலும் ஒரே வரிசை கிடைக்கும் என்ற நன்மையும் உண்டு. ஆனால் அதே நிறுவனத்தின் அதே ஸ்கிரிப்ட் நாளை கன்னடப் பெயர்ப்பட்டியலைச் சுத்தம் செய்யவும் ஓட்டப்படும். தலைப்பில் உள்ள வரியை அப்போது யாரும் படிப்பதில்லை.

முறையிட்ட செட் உண்மையில் என்ன சொன்னது என்று கேட்பதிலிருந்து திருத்தம் தொடங்க வேண்டும். 'முறையற்ற பைட் வரிசை' என்றால் இந்தக் கோப்பு யுடிஎஃப்-8 இல்லை, அல்லது நடுவில் வெட்டுண்டது என்று பொருள். மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியபோது அதன் மின்னூல்கள் பழைய குறியேற்றங்களில்தான் வந்தன. டிஸ்கி கோப்புகள் பலருடைய பழைய வட்டுகளில் இன்றும் கிடக்கின்றன. அவற்றைச் 'சி' லொகேலில் தேய்ப்பதைவிட, லினக்ஸின் சி நூலகத்துடன் வரும் ஐகான்வ் கட்டளையால் யுடிஎஃப்-8க்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை. அந்நூலகத்துக்கு டிஸ்கி தெரியும்.

அடுத்தது இயல்பாக்கம். 'கோலார்' என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்தை இரு விதமாகக் குறியேற்றலாம்: ககரத்தின்பின் ஓகாரக்குறி ஒன்றாக, அல்லது இரட்டைக்கொம்பும் காலும் என இரண்டாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 2017இல் புதிய கோப்பு முறைமை வரும்வரை மேக், கோப்புப் பெயர்களை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. அந்த நாளைய மேக்கிலிருந்து படியெடுத்த 'கோலார்' என்ற கோப்பை லினக்ஸில் விசைப்பலகையால் தட்டித் தேடினால் கிடைக்காது. ஐசியூ தொகுப்பின் யூகான்வ் கொண்டு எல்லா உரையையும் பெயரையும் ஒன்றிணைந்த வடிவுக்கு முதலிலேயே கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கிரிப்டின் தலைப்பில் லொகேலை அறிவிப்பதோடு நில்லாமல், லொகேல் கட்டளையிடம் இப்போதைய குறியேற்றம் எது என்று கேட்டு, யுடிஎஃப்-8 இல்லையென்றால் உரத்த செய்தியோடு ஸ்கிரிப்டை நிறுத்த வேண்டும். குனு சி நூலகம் 2022 முதல் 'சி.யுடிஎஃப்-8' என்ற லொகேலைத் தானே வழங்குகிறது. டாக்கர் படிமத்தில் அதைக் குறிப்பிட ஒரு வரி போதும். தமிழ்க் குறிகளுக்கு டிஆர் வேண்டாம். வீச்சு எழுதுவதைவிடப் பதினெட்டு மெய்களையும் வரிசையாக எழுதிவிடலாம், விரல் தேய்ந்துவிடாது. சொல்லெல்லை தேவைப்படும் இடத்தில் பெர்லை நாடலாம். யூனிகோடு விருப்பக்குறியோடு ஏவப்பட்ட பெர்ல், துணைக்குறிகளைச் சொல்லெழுத்தாகவே கொள்கிறது, இரண்டு இயங்குதளத்திலும் ஓடுகிறது. பைத்தானை விட மனமில்லாதவர் அதன் இயல்புத் தொகுப்புக்குப் பதிலாக 'ரெஜெக்ஸ்' என்ற தனித்தொகுப்பை நிறுவிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு ஸ்கிரிப்டோடும் நான்கு வரிச் சோதனைக் கோப்பு ஒன்று செல்ல வேண்டும்: தமிழ், மரம், காவிரி, இரு குறியேற்றத்திலும் கோலார். புதிய கணினியில் முதலில் ஓட வேண்டியது அதுவே. ககரத்தை நீக்கச் சொன்னால் 'மரம்' முழுதாக மீள வேண்டும். சொல்லெண்ணியில் 'காவிரி' ஒன்று என்று வர வேண்டும். 'கோலார்' இரண்டு என்று வர வேண்டும். பெங்களூருவிலும் பிற இடங்களிலும் தமிழ்த் தரவின்மேல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுவோர், எந்த இயங்குதளம், எந்த லொகேல், எந்த ஆக், எந்த இயல்பாக்கம் என்பவற்றைப் பின்னிணைப்பில் அச்சிடட்டும். இவை இல்லாத சொல்லெண்ணிக்கை அட்டவணையைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பலாம், அனுப்ப வேண்டும்.